லாங்லியிடம் 52 குதிரைத்திறன் என்ஜின் இருந்தும் ரைட் சகோதரர்கள் முந்தியது எப்படி?

மனிதர் ஏறிப் பறக்கும் என்ஜின் விமானத்தை முதலில் பறக்கவிடும் போட்டியில் என்ஜின் பலம்தான் முக்கியம் என்றால் சாமுவேல் லாங்லிதான் ஜெயித்திருக்க வேண்டும். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் ஆய்வு நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் அவர். அவருடைய விமானம் 1903 அக்டோபர் 7, டிசம்பர் 8 என இரண்டு முறையும் போட்டோமாக் ஆற்றில் விழுந்தது. ஒன்பதே நாளில், டிசம்பர் 17 அன்று, வெறும் 12 குதிரைத்திறன் என்ஜினோடு ரைட் சகோதரர்கள் கிட்டி ஹாக் அருகே பறந்துவிட்டார்கள்.

வித்தியாசம் கட்டுப்பாட்டில் இருக்கிறது. மேலே எழும்பினால் போதும், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் பலரும் நினைத்தார்கள். 1896-ல் ஜெர்மானிய முன்னோடி லிலியந்தால் கிளைடர் (என்ஜின் இல்லாத விமானம்) விபத்தில் இறந்ததை அறிந்திருந்த ரைட் சகோதரர்களோ, காற்றில் சமாளிக்கக் கற்பதையே முதல் வேலையாக எடுத்துக்கொண்டார்கள். இறக்கை நுனிகளை முறுக்கி, ஒரு பக்கம் தூக்குவிசையைக் கூட்டி மறுபக்கம் குறைத்தால் சாய்வு சரியாகும். முன்னால் இருந்த எலிவேட்டர் மூக்கை ஏற்றி இறக்கியது. திசையைப் பின்பக்கச் சுக்கான் கவனித்தது. 1902 கிளைடரிலேயே இது மூன்றும் கைவந்துவிட்டது, என்ஜின் வருவதற்கு முன்பே!

என்னை அதிகம் வியக்கவைப்பது 1901-ல் அவர்கள் செய்த காற்றுச் சுரங்கம், அதாவது மாதிரிகள் மேல் காற்றைச் செலுத்திச் சோதிக்கும் பெட்டி. அன்றைய தூக்குவிசைக் கணக்குகள் ஒத்துவராததால், தாங்களே சுமார் 200 சிறு இறக்கை மாதிரிகளைச் சோதித்தார்கள். புரொப்பெல்லரையும் சுழலும் இறக்கையாகவே பார்த்துக் கணக்கிட்டார்கள். அதனால்தான் அந்தச் சின்ன என்ஜின் போதுமானதாக இருந்தது.

முதல் பறத்தல் 12 விநாடி, 120 அடி. அன்றைக்கே நான்காவது முறை 59 விநாடி, 852 அடி.