முழங்கால் வலிக்கு வெந்நீர்: புடாபெஸ்டில் சின்னக் குளியலகமே போதும்

கேள்வி: மகன் ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில் வேலை பார்க்கிறான். நானும் மனைவியும் ஒரு மாதம் அவனோடு தங்கப் போகிறோம். மனைவிக்கு 62 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம், இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறாள். வெந்நீர்க் குளியல் நல்லது என்கிறார்கள். பெரிய குளியலகங்களில் கூட்டமும் விலையும் அதிகம் என்று கேள்விப்பட்டோம். உள்ளூர்க்காரர்கள் போகும் சின்ன இடங்களுக்கு நாங்கள் போகலாமா? விடுவார்களா? இங்கே ஒரு ஏஜென்ட் ‘ஸ்பா பேக்கேஜ்’ போட்டுத் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்கிறார். ஆண்களும் பெண்களும் ஒன்றாகக் குளிப்பதுதான் மனைவிக்குக் கூச்சம்.

பதில்: முதலில், அந்த ஏஜென்டுக்குப் பணம் அனுப்பாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

அவர் உங்களுக்குச் செய்து தரப்போவது ஒன்றுமே இல்லை. சின்னக் குளியலகத்துக்கு முன்பதிவு தேவையில்லை. வாசலில் கவுன்டர் இருக்கிறது, பணம் கட்டினால் உள்ளே விடுவார்கள். யார் வேண்டுமானாலும் போகலாம், எந்த நாட்டுக்காரர் என்று கேட்க மாட்டார்கள். இந்த ‘பேக்கேஜ்’ எல்லாம் செச்சென்யி போன்ற ஒன்றிரண்டு பெரிய இடங்களின் சாதாரண நுழைவுச்சீட்டுதான். அதோடு ஒரு துண்டையும் ஒரு பானத்தையும் சேர்த்து, வரிசையில் நிற்க வேண்டாம் என்று ஆசை காட்டி விலையை ஏற்றி விற்கிறார்கள். இணையத்திலும் இதே கதை. குளியலகத்தின் பெயரையே முகவரியில் வைத்துக்கொண்டு, அதிகாரப்பூர்வத் தளம் போலவே தோற்றம் காட்டும் தரகர் தளங்கள் ஏராளம். தேடினால் முதலில் வந்து நிற்பதும் அவைதான். விலைக்குப் பக்கத்தில் ‘சேவைக் கட்டணம்’ என்று ஒரு வரி தெரிந்தால் பக்கத்தை மூடிவிடுங்கள். மூட்டு வலியோடு வருகிறவர்களின் பணத்தை இப்படிப் பிடுங்குவதைப் பார்க்கும்போது எனக்கு ஆத்திரமாக வருகிறது.

செச்சென்யி அழகான இடம்தான், மறுக்கவில்லை. 1913-ல் திறந்தது, ஐரோப்பாவின் மிகப் பெரிய குளியலகங்களில் ஒன்று. ஒரு முறை வெளியே நின்று பார்த்துவிட்டு வாருங்கள். ஆனால் உங்கள் மனைவியின் முழங்காலுக்கு அரண்மனை தேவையில்லை. கழுத்தளவு வெந்நீர், உட்கார ஒரு படி, பிடிக்க ஒரு கம்பி, அமைதி, இவை போதும். செச்சென்யியில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 10,000 ஃபோரிண்டுக்கு (ஹங்கேரி நாணயம்) மேல் ஆகும். சின்ன இடங்களில் அதைவிடக் கணிசமாகக் குறைவு. இதை நான் சிக்கனத்துக்காகச் சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை வெந்நீரில் இறங்கினால் அன்றைக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான். ஹங்கேரி மருத்துவர்கள் எழுதிக் கொடுப்பது ஒரு சுற்றுக்கு 15 முறை வரை. ஒரு மாதம் தங்குகிறீர்கள், வாரத்துக்கு மூன்று முறை போக முடிந்தால்தான் மூட்டின் இறுக்கம் குறைவது தெரியும். தண்ணீர் உடல் எடையைத் தாங்கிக்கொள்ளும், சூடு தசையைத் தளர்த்தும், அந்த நேரத்தில் காலை மெதுவாக மடக்கி நீட்டலாம். தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வளராது. அப்படி வளரும் என்று யாராவது சொன்னால் அவரும் எதையோ விற்கிறார்.

மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டோடு காப்பீட்டில் குளிக்கும் அந்த முறை உங்களுக்குப் பொருந்தாது. அது அந்நாட்டுக் காப்பீட்டு எண் உள்ளவர்களுக்குத்தான். மகனுக்கு அந்த அட்டை இருந்தாலும் விருந்தாளியாக வரும் அம்மாவுக்குச் செல்லாது. அதை வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள்.

சின்ன இடத்தில் தண்ணீர் மட்டமாக இருக்குமோ என்று நினைக்க வேண்டாம். ஹங்கேரி இருக்கும் இடத்தில் பூமியின் மேலோடு மெல்லியது. ஆழம் போகப் போக மற்ற நாடுகளைவிடச் சூடு வேகமாக ஏறும். 1925-ல் ஹைடுசொபொஸ்லோ என்ற ஊரில் எரிவாயு தேடித் துளையிட்டார்கள், கிடைத்தது 70 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீர். மெஸோகோவெஷ்டில் 1939-ல் எண்ணெய் தேடியபோதும் அதேதான் நடந்தது. இரண்டு ஊரிலும் இன்றைக்குக் குளியலகம் இருக்கிறது. பெரிய இடத்திலும் சின்ன இடத்திலும் வெந்நீர் நிலத்துக்கு அடியிலிருந்துதான் வருகிறது. விலை வித்தியாசம் கட்டடத்துக்கும் புகழுக்கும்தான்.

சரி, எங்கே போவது? நான் சொல்வது டான்டார். ஒன்பதாவது வட்டாரத்தில், டான்யூப் நதிக் கரையோரம் ஓடும் இரண்டாம் எண் டிராமில் போய் இறங்கி நடக்கும் தூரம். 1930-ல், வீட்டில் குளியலறை இல்லாத தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த பகுதியில், சும்மா உடம்பைக் கழுவிக்கொள்ளும் இடமாகக் கட்டியது. வெந்நீர் 1970-களின் கடைசியில்தான் வந்தது. உள்ளே 36, 38 டிகிரியில் இரண்டு தொட்டிகள், பின்பக்கம் திறந்தவெளித் தொட்டிகள். வார நாள் முற்பகலில் போனால் அந்த வட்டாரத்துப் பாட்டிகளும் தாத்தாக்களும்தான் இருப்பார்கள். சுவரோரம் தண்ணீருக்குள் இருக்கும் திண்ணையில் வரிசையாக, கழுத்துவரை மூழ்கி, ஒரு கண்ணைச் சுவர்க் கடிகாரத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். 20 நிமிடம் ஆனதும் ஒருவர் கம்பியைப் பிடித்து எழுவார், அவர் இடத்துக்கு இன்னொருவர் நகர்வார். உங்கள் மனைவி அவர்களைப் பார்த்து அப்படியே செய்தால் போதும். லுகாச் கொஞ்சம் பெரியது, விலையும் கூட, ஆனால் அதுவும் உள்ளூர் முதியவர்களின் இடம். வலி தீர்ந்தவர்கள் நன்றி சொல்லிப் பதித்த கல்வெட்டுகளை அதன் முற்றத்துச் சுவரில் பார்க்கலாம். வெலி பே பழைய துருக்கியக் குளியலகம், 2011-ல் புதுப்பித்துத் திறந்தார்கள். அமைதியான இடம். 14 வயதுக்குக் குறைந்தவர்களை விட மாட்டார்கள், பேரக்குழந்தையைக் கூட்டிப் போகும் யோசனை இருந்தால் அங்கே வேண்டாம்.

இனி கூச்சம் பற்றி. இந்த இடங்களில் எல்லாரும் நீச்சல் உடையில், ஒரே தொட்டியில்தான் இருப்பார்கள். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. பலர் அதைப் பாதி கேட்டுவிட்டுப் போய்ச் சங்கடப்படுவதால் முழுதாகச் சொல்கிறேன். 16-ம் நூற்றாண்டில் துருக்கியர் கட்டிய ருடாஷ் குளியலகத்தில் செவ்வாய்க்கிழமை பெண்களுக்கு மட்டும். ‘அப்படியானால் அங்கேதான்’ என்று உடனே கிளம்பிவிடாதீர்கள். அந்த ஒதுக்கீடு குவிமாடத்துக்குக் கீழே இருக்கும் துருக்கியப் பகுதிக்கு மட்டும்தான். அதே கட்டடத்தில் இருக்கும் நீச்சல் குளமும் மற்ற தொட்டிகளும் அன்றைக்கும் இருபாலருக்கும் பொதுவானவை. சீட்டு வாங்கும்போது எந்தப் பகுதிக்கு என்று கேட்டு வாங்காவிட்டால் தவறான கதவு வழியாகப் போய் நிற்க நேரும். அடுத்து, பெண்கள் நாளில் நீச்சல் உடை கட்டாயம் இல்லை. அங்கே பல பெண்கள் உடையே இல்லாமல்தான் இருப்பார்கள். நம் ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு ஆண்களோடு உடையில் இருப்பதைவிட இது பெரிய அதிர்ச்சியாக இருக்கும். உங்கள் மனைவி உடையோடு இருந்தால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், ஆனால் முன்னாலேயே தெரிந்துகொண்டு போக வேண்டும். நீங்கள் அன்றைக்கு அவரோடு அந்தத் தொட்டிக்குப் போக முடியாது, படி ஏற இறங்கத் துணை வேண்டுமென்றால் மருமகளோ வேறு பெண்ணோ கூட வர வேண்டும். வெளிச்சம் குறைவு, கல் தரை வழுக்கும், மூட்டு வலிக்காரர் தனியாகப் போவது சரியல்ல. ருடாஷின் விலையும் டான்டாரைவிட அதிகம். இதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால், டான்டாரில் பாட்டிகள் நடுவே உட்காருவதே உங்கள் மனைவிக்குச் சுலபம் என்பேன்.

உடை விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். நைட்டி, சுடிதார், பருத்திச் சட்டை எதுவும் ஆகாது. நீச்சலுக்கென்று தைத்த துணியாக இருக்க வேண்டும். முழங்கால்வரை மூடும் உடைகள் இங்கேயே கடைகளில் கிடைக்கின்றன, ஊரிலிருந்தே வாங்கிக்கொண்டு போங்கள். வழுக்காத ரப்பர் செருப்பும் துண்டும் கட்டாயம் எடுத்துப் போக வேண்டும். நீச்சல் தொப்பி நீந்தும் குளத்துக்குத்தான் கட்டாயம், வெந்நீர்த் தொட்டிக்கு வேண்டாம். தலைக்கோ உடம்புக்கோ எண்ணெய் தேய்த்துக்கொண்டு போகக்கூடாது. வெள்ளி நகைகளை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள், கந்தகம் கலந்த தண்ணீரில் கறுத்துவிடும்.

கவுன்டரில் கார்டு நீட்டினால், ‘ரூபாயில் கட்டுகிறீர்களா, ஃபோரிண்டிலா?’ என்று இயந்திரம் கேட்கலாம். எப்போதும் ஃபோரிண்டையே அழுத்துங்கள். ரூபாய் என்று அழுத்தினால் மாற்று விகிதத்தில் ஒரு பங்கை விழுங்கிவிடும். இதுவும் ஒரு தரகுதான், ஆள் இல்லாத தரகு. பணம் கட்டியதும் கைக்கடிகாரம் போன்ற ஒரு பட்டையைத் தருவார்கள். உள்ளே போகும் கம்பிக் கதவுக்கும் உங்கள் பெட்டிக்கும் அதுவே சாவி. பூட்டின் மேல் வைத்து அழுத்தினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். கதவை இழுத்துப் பார்த்துவிட்டு, பெட்டி எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உடை மாற்றும் அறையில் ஆங்கிலம் இல்லாவிட்டால், ‘N’ எழுத்தில் தொடங்கும் பலகை பெண்களுக்கு, ‘F’ எழுத்தில் தொடங்குவது ஆண்களுக்கு. இத்தனை வெளிநாட்டார் வந்து போகும் நகரத்தில் ஒரு படம் வரைந்து ஒட்ட ஏன் மனம் வரவில்லை என்று எனக்குப் புரியவே இல்லை. பராமரிப்புக்காக ஒரு தொட்டியை மூடினாலும் சில இடங்களில் அறிவிப்பு அங்கே வாசலில்தான் தொங்கும், அதுவும் ஹங்கேரிய மொழியில். அதனால் கிளம்பும் முன் மகனை ஒரு போன் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

இரத்த அழுத்தம் மாத்திரையில் கட்டுக்குள் இருந்தால், 36 டிகிரித் தொட்டியில் முதல் நாள் 10 நிமிடம், பிறகு 15, அதிகபட்சம் 20. அதைவிடச் சூடான தொட்டியும் நீராவி அறையும் வேண்டாம். அன்றைக்கு மாத்திரையை விட்டுவிடக் கூடாது. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டும், வெறும் வயிற்றோடும் போகக் கூடாது. எழும்போது சட்டென்று எழாமல் படியில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் தலை சுற்றாது. வெளியே வந்ததும் தண்ணீர் குடித்துவிட்டு அரை மணி நேரம் சாய்ந்திருக்கட்டும். சமீபத்தில் மாரடைப்பு, காலில் இரத்தக் கட்டு, ஆறாத புண், காய்ச்சல் இருந்தால் இறங்கவே கூடாது. கிளம்பும் முன் உங்கள் ஊர் மருத்துவரிடம் வெந்நீர்க் குளியல் என்று சொல்லி ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஏஜென்டுக்கு ஏற்கனவே முன்பணம் கொடுத்திருந்தால், எந்தக் குளியலகம், எந்தத் தேதி, சீட்டின் அசல் விலை எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். மூன்றுக்கும் பதில் வராவிட்டால் பயணத்துக்கு முன்பே பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். விமானம் ஏறிய பிறகு அவர் போனை எடுக்க மாட்டார்.