கதவைத் திறந்தால் பூனை ஓடுகிறதா? முதலில் விற்றவர் சொன்னதை மறந்துவிடுங்கள்

கேள்வி: தாம்பரத்தில் இரண்டாவது மாடி ஃபிளாட்டில் இருக்கிறோம். எங்கள் பெண் பூனைக்கு 14 மாதம், பெர்சியன் கலப்பு. மூன்று மாதக் குட்டியாக வாங்கியபோதே கருத்தடை ஆபரேஷன் ஆகிவிட்டது என்றார் விற்றவர். காலையில் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தால் கால் இடுக்கில் நுழைந்து ஓடிவிடுகிறது. போன வாரம் ஓர் இரவு முழுக்க மொட்டை மாடியில் இருந்தது. ஐந்தாறு நாள் ஓயாமல் கத்திக்கொண்டு தரையில் புரள்கிறது, அப்புறம் இரண்டு வாரம் சாதுவாக இருக்கிறது. ஓர் ஊசி போட்டால் அடங்கிவிடும் என்கிறார் கடைக்காரர். போடலாமா?

பதில்: போடாதீர்கள் அம்மா. மற்றதை அப்புறம் பேசலாம், முதலில் அந்த ஊசி.

கடைகளில் 'அடங்கும் ஊசி' என்று போடுவது பெரும்பாலும் புரோஜெஸ்ட்ரோன் வகை ஹார்மோன். பெண்களுக்குக் கருத்தடைக்காகப் போடும் அதே ரகம். கத்தல் நிற்கும், உண்மைதான். ஆனால் கர்ப்பப்பையில் சீழ் கட்டலாம், சர்க்கரை நோய் வரலாம், மடி வீங்கலாம். போன மாதம் என்னிடம் வந்த பூனைக்கு மடி ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழம் அளவு வீங்கி, நடக்கும்போது தரையில் உரசிக்கொண்டிருந்தது. எத்தனை மில்லி போட்டார்கள் என்று கேட்டேன். "ஒரு சின்ன ஊசிதான் டாக்டர்" என்றார் வீட்டுக்காரர். கையில் சீட்டு இல்லை, மருந்தின் பெயரும் தெரியவில்லை. 2018இலேயே செல்லப்பிராணிக் கடைகளுக்கு விதி வந்துவிட்டது. மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்யாமல் கடை நடத்தக் கூடாது. நீங்கள் போகும் கடைச் சுவரில் அந்தச் சான்றிதழ் தொங்குகிறதா என்று ஒரு தடவை நிமிர்ந்து பாருங்கள். யாரும் வந்து கேட்பதில்லை, அதனால் யாரும் மாட்டுவதும் இல்லை.

அடுத்தது ஆபரேஷன். மூன்று மாதக் குட்டிக்குத் தன் செலவில் கருத்தடை செய்து விற்கும் தரகரை இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை. பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, வாலை ஒரு பக்கம் ஒதுக்கி, புரண்டு புரண்டு கத்துவது வயிற்று வலியில்லை, இணை தேடும் பருவம். ஒரு வாரம் போலக் கத்தும், இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி ஆரம்பிக்கும். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே அந்தக் கணக்குதான். அந்த நாட்களில் வாசலில் எத்தனை பயிற்சி கொடுத்தாலும் காதில் ஏறாது.

ஆபரேஷன் செய்த மருத்துவமனையின் பில் எங்கே என்று விற்றவரிடம் கேளுங்கள். பில் இல்லையென்றால் ஆபரேஷனும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. நிஜமாகவே ஆபரேஷன் ஆகியிருக்கும், ஆனால் சினைப்பையின் ஒரு துணுக்கு உள்ளேயே தங்கியிருக்கும். கடுகளவு இருந்தாலும் போதும், அது ஹார்மோன் சுரக்கும், பூனை மறுபடி கத்தும். அபூர்வம்தான். ஆனால் இதைச் சொல்லாமல் விட்டால், "பில் இருக்கிறதே, நீங்கள் தப்பாகச் சொல்லிவிட்டீர்கள்" என்று நாளைக்கு நீங்களே எனக்கு எழுதுவீர்கள். பில் கிடைத்தால், பூனை கத்துகிற நாட்களிலேயே டாக்டரிடம் கொண்டுபோங்கள். சாதுவான நாளில் போனால் எதுவும் தெரியாது. பிறப்புறுப்பிலிருந்து ஒரு சின்னப் பஞ்சுக்குச்சியில் மாதிரி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். பருவத்தில் அந்தத் துணுக்கு பெருத்திருப்பதால் மறு ஆபரேஷனில் தேடி எடுப்பதும் எளிது. "தழும்பு இருக்கிறது, ஆகவே ஆபரேஷன் ஆகிவிட்டது" என்று தொட்டுப்பார்த்தே அனுப்பிவிட்டால், வேறு டாக்டரைப் பாருங்கள்.

மொட்டை மாடி இரவை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் உறுத்துகிறது. பூனைக்குப் பெரும்பாலும் இணைசேர்ந்த பிறகுதான் கருமுட்டையே வெளிவரும். அதனால் சினையாக ஓர் இரவே தாராளம். சுமார் 63 நாளில் குட்டி. அந்த இரவிலிருந்து எண்ணி மூன்றரை வாரம் கழித்து ஒரு ஸ்கேன் எடுங்கள். சினையாக இருந்தாலும் ஆபரேஷன் செய்ய முடியும், தள்ளிப்போடாமல் டாக்டரிடம் பேசுங்கள். உடம்பில் கடி, கீறல் இருக்கிறதா என்று முடியை விலக்கிப் பாருங்கள். ரேபிஸ் தடுப்பூசி போட்டு ஒரு வருஷம் தாண்டியிருந்தால் அதையும் போட்டுவிடுங்கள்.

தெருநாய்க்கு 2023இல் கருத்தடை விதிகளைப் புதுப்பித்தார்கள், அதற்கு மையங்கள் உண்டு, வண்டி உண்டு. பூனைக்கு? வீட்டுக்காரர் பர்ஸும் டாக்டரின் மனசும்தான். சென்னைப் பக்கம் இருப்பதால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் விசாரியுங்கள்.

இனி வாசல். உங்கள் பூனைக்குக் கதவு திறப்பது தெரிவதற்கு முன்பே தாழ்ப்பாள் சத்தம் தெரியும். அதைக் கேட்டதும் செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால் போய்ப் பதுங்கும், கவனித்துப் பாருங்கள். அந்தச் சத்தத்துக்கு வேறு அர்த்தம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். வாசலிலிருந்து ஆறடி தள்ளி ஒரு ஸ்டூல் போடுங்கள். கதவைத் திறக்காமல் தாழ்ப்பாளை மட்டும் ஆட்டிவிட்டு, ஸ்டூலில் துளி கருவாடோ மீனோ வையுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம். சில நாளில் சத்தம் கேட்டதும் தானே ஸ்டூலில் ஏறி உட்காரும். அப்புறம் கதவை ஒரு சாண் திறங்கள், பிறகு முழுக்க. ஒரு வாரத்தில் நடக்காது, மூன்று வாரம் ஆகலாம்.

பூனைக்கு விடிகாலையிலும் அந்தியிலும்தான் சுறுசுறுப்பு, உங்கள் பால் பாக்கெட்டும் அப்போதுதான் வருகிறது. கதவுக்குப் போகும் முன் வீட்டின் கடைசி மூலையில் காலைச் சாப்பாட்டை வைத்துவிடுங்கள். வாசலில் நின்று கொஞ்சுவது, தூக்குவது, டாட்டா காட்டுவது எல்லாம் நிறுத்த வேண்டும். ஓடினால் துரத்தக் கூடாது, அதற்கு அது விளையாட்டு. பிஸ்கட் டப்பாவைக் குலுக்குங்கள்.

ஃபிளாட்டில் மரக்கதவும் கிரில் கேட்டும் இருக்குமே. தலை நுழைகிற இடைவெளியில் பெரும்பாலும் பூனை முழுசாக நுழைந்துவிடும். கிரில்லில் கீழிருந்து மேல்வரை கம்பி வலை கட்டுங்கள், பாதிவரை கட்டினால் அதிலேயே ஏறும். ஒரு கதவு சாத்திய பிறகே இன்னொன்று. கூரியர் பையன் நின்றாலும் பரவாயில்லை, பார்சலை வலைக்கு வெளியே வைக்கச் சொல்லுங்கள்.

வாசலில் பினாயில் தெளித்தால் வராது என்று யாராவது சொல்வார்கள். பினாயில், கற்பூரம், அந்துருண்டை மூன்றும் பூனைக்கு விஷம். மிதித்த பாதத்தை நக்கும், அதன் ஈரலால் அதைச் சரியாகச் செரித்து வெளியேற்ற முடியாது. மணி கட்டிய சாதாரண பெல்ட் ஜன்னல் கம்பியில் மாட்டினால் கழுத்தை இறுக்கும், இழுத்தால் தானே கழன்றுகொள்ளும் பெல்ட்டாக வாங்குங்கள். 'தோலுக்கடியில் சிப் போட்டால் எங்கே இருந்தாலும் போனில் தெரியும்' என்று விற்பவரையும் நம்பாதீர்கள். அந்தச் சிப்பில் 15 இலக்க எண் மட்டும்தான், கருவியைப் பக்கத்தில் வைத்தால்தான் அதையும் படிக்க முடியும்.

ஸ்கேனுக்கு வரும்போது துணிப்பையிலோ மடியிலோ கொண்டுவராதீர்கள். கதவு பூட்டுகிற கூடையில் கொண்டுவாருங்கள். வீட்டு வாசலில் ஒரு தடவைகூட ஓடாத பூனைகள் எங்கள் மருத்துவமனை வாசலில் நாயைப் பார்த்து ஓடியிருக்கின்றன.