மனநலச் சட்டத்தை நம்பிப் பேராசிரியர் வேலைக்குப் போகலாமா?

எல்எல்பி கடைசி வருஷம், மனநலச் சட்டமும் மருத்துவச் சட்டமும் பிடித்திருக்கிறது, இதிலேயே ஆசிரியராகப் போக வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு. எல்எல்எம், நெட் தகுதித் தேர்வு, அப்புறம் பிஎச்டி என்று எல்லோரும் போகிற பாதைதான். வேலை கிடைத்ததும் ஒப்பந்தச் சட்டமும், பிறரால் நேர்ந்த தீங்குக்கு இழப்பீடு கேட்கும் தீங்கியல் சட்டமும்தான் முதலில் தலையில் விழும், எனக்கும் அப்படித்தான். மனநலச் சட்டம் பெரும்பாலும் விருப்பப் பாடமாக ஒரு ஓரத்தில் இருக்கும். பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) விதிப்படி உதவிப் பேராசிரியருக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். தனியார் கல்லூரி நேர்காணலில் அதைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்.

ஆனால் ஆராய்ச்சிக்கு விஷயம் கொட்டிக் கிடக்கிறது. 2001-ல் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கிடந்தவர்கள் தீயில் கருகினார்களே, 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்த பிறகுதான், அதன் 95-ஆம் பிரிவில், சங்கிலிக்கு வெளிப்படையான தடை வந்தது. என்னை இன்னும் விடாமல் பிடித்து வைத்திருப்பது 4-ஆம் பிரிவு. ஒருவர் எடுத்த முடிவு மற்றவர்களுக்குத் தப்பாகப் படுகிறது என்பதற்காக மட்டும் அவருக்கு முடிவெடுக்கும் திறனே இல்லை என்று சொல்லிவிடக் கூடாது என்கிறது. வகுப்பில் எல்லோரும் தலையாட்டுவார்கள். சரி, மகன் ராத்திரியெல்லாம் தூங்காமல் நடக்கிறான், மாத்திரை வேண்டாம் என்கிறான், அம்மா "எப்படியாவது சேர்த்துக்கோங்க டாக்டர்" என்று அழுகிறார், இப்போது, நோயாளியின் பிரதிநிதி விண்ணப்பித்தால் சேர்க்க வழிசெய்யும் 89-ஆம் பிரிவில் அவனை 30 நாள் வரை சேர்க்கலாமா என்று கேட்டால் அதே வகுப்பு இரண்டாக உடையும். சண்டிகர் அரசு இல்லத்தில் இருந்த, லேசான மனவளர்ச்சிக் குறைபாடுள்ள ஒரு கர்ப்பிணி, தனக்குக் குழந்தை வேண்டும் என்றபோதும் கருவைக் கலைக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2009-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது. சுசிதா ஸ்ரீவாஸ்தவா வழக்கு, முழுசாகப் படியுங்கள்.

பிஎச்டியில் நோயாளிகளையோ குடும்பத்தாரையோ பேட்டி எடுக்க நினைத்தால் ஆராய்ச்சியில் பங்கேற்பவர்களுக்குக் கேடு வராமல் பார்க்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். சட்டத் துறையில் பலருக்கு அது என்னவென்றே தெரியாது, மாதக்கணக்கில் இழுக்கும், அதனால் ஆரம்பத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள். கைடு சட்டக்காரராகத்தான் இருப்பார். மனநல மருத்துவர் ஒருவரை இணை வழிகாட்டியாகப் போட விதி இடம் தருகிறதா என்று சேர்வதற்கு முன்பே பல்கலைக்கழகத்தில் கேளுங்கள். கல்லூரிப் பெயரையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.