பென் டிரைவில் எல்லாமே ஷார்ட்கட்டாகிவிட்டது, ஃபார்மேட் செய்யலாமா?

கேள்வி: வெளியே ஒரு கணினியில் பிரிண்ட் எடுக்கப் பென் டிரைவைச் செருகினேன். அதை என் லேப்டாப்பில் போட்டுத் திறந்தால் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாகத் தெரிகின்றன. இன்னொரு நல்ல பென் டிரைவைச் செருகினேன், அதற்கும் அதே கதி. கண்ட தளங்களுக்கும் நான் போவதில்லை. வைரஸ் எப்படி வந்தது? ஃபார்மேட் செய்துவிடவா?

பதில்: இப்போதைக்கு ஃபார்மேட் வேண்டாம். பென் டிரைவில் எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள். முன்பிருந்த அளவே காட்டினால் உங்கள் கோப்புகள் அங்கேயேதான் இருக்கின்றன.

நடந்தது இதுதான். உங்கள் ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஆளுக்கொரு ஷார்ட்கட்டை வைரஸ் உட்கார வைத்திருக்கிறது. படத்தின் இடது மூலையில் குட்டி அம்புக்குறி இருக்கும், அளவு ஓரிரு கேபிதான். அதைக் கிளிக் செய்தால் மறைந்திருக்கும் ஸ்கிரிப்ட் (குட்டி நிரல்) முதலில் ஓடும், கையோடு உண்மையான ஃபோல்டரும் திறக்கும். ஃபோல்டர் திறந்துவிட்டதே, யாருக்குச் சந்தேகம் வரும்? உங்கள் லேப்டாப்புக்கும் அந்த ஒரு கிளிக்கில்தான் வந்திருக்கும். இரண்டாவது பென் டிரைவுக்குத் தொற்றியது லேப்டாப்பிலிருந்து.

'கண்ட தளங்களுக்கும் போவதில்லை' என்று பலரும் சொல்வார்கள். ஆனால் வீடுகளுக்கு இணையம் வரும் முன்பே வைரஸ் வந்துவிட்டது. 1982-இல் ரிச் ஸ்க்ரென்டா என்ற 15 வயதுப் பையன் ஆப்பிள் 2 கணினிக்கு எழுதிய எல்க் குளோனர், நண்பர்கள் கைமாற்றிக்கொண்ட ஃபிளாப்பிகளில்தான் பரவியது. அந்த டிஸ்க்கை 50-ஆவது முறை பூட் செய்தால் திரையில் ஒரு குட்டிக் கவிதை வரும், அவ்வளவுதான். 1986-இல் லாகூரின் ஆல்வி சகோதரர்கள் எழுதிய பிரெய்ன், ஐபிஎம் பிசிக்களைப் பிடித்தது. அதற்குள் தங்கள் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார்கள்! அப்போது தொற்றும் முறை ரொம்ப எளிது. ஃபிளாப்பியை எடுக்க மறந்து கணினியை அணைத்திருப்பீர்கள். மறுநாள் ஆன் செய்ததும் அது முதலில் ஃபிளாப்பியின் பூட் செக்டாரை, அதாவது கணினியை எழுப்பும் கட்டளைகள் இருக்கும் பகுதியைப் படிக்கும், அங்கே இருக்கும் வைரஸ் நினைவகத்தில் ஏறிக்கொள்ளும். அப்புறம் செருகும் ஃபிளாப்பிக்கெல்லாம் ஒரு பிரதி. உங்கள் பென் டிரைவில் நடப்பதும் கிட்டத்தட்ட இதேதான்.

2000 மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய ஐ லவ் யூ வைரஸ், தெரிந்தவரின் மின்னஞ்சலாகவே வந்தது. அதோடு இணைத்திருந்த கோப்பு உண்மையில் ஸ்கிரிப்ட். ஆனால் பெயரின் கடைசி மூன்றெழுத்தை விண்டோஸ் மறைத்ததால் வெறும் டெக்ஸ்ட் கோப்பாகத் தெரிந்தது. திறந்தால் முகவரிப் புத்தகத்தில் இருக்கும் எல்லோருக்கும் போய்விடும். விண்டோஸ் இன்றும் ஷார்ட்கட்டின் கடைசி எழுத்துகளைக் காட்டுவதில்லை. 2008-இல் வந்த கான்ஃபிக்கர், பென் டிரைவைச் செருகியதும் தானே ஓடும் ஆட்டோரன் வசதியையும் பயன்படுத்திக்கொண்டது. 2011-இல் பழைய விண்டோஸ்களிலும் மைக்ரோசாஃப்ட் அந்த வழியை அடைத்தது. தானாக ஓட முடியாத வைரஸுக்கு உங்கள் கிளிக் தேவை. அதற்குத்தான் இந்த ஷார்ட்கட் வேஷம்.

கிளிக்கே கேட்காத ரகமும் உண்டு. 2017 மே மாதம் வானாக்ரை, நெட்வொர்க் வழியாகத் தானே கணினிக்குக் கணினி தாவியது. அதைத் தடுக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்துவிட்டிருந்தது. 'அப்புறம் பார்க்கலாம்' என்று அப்டேட்டைத் தள்ளிப்போடுபவர்களிடம் நான் வழக்கமாகச் சொல்வது இந்தக் கதையைத்தான்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் லேப்டாப். அதைச் சுத்தம் செய்யாமல் பென் டிரைவை எத்தனை முறை ஃபார்மேட் செய்தாலும் வீண்தான். பென் டிரைவ்களைக் கழற்றிவிட்டு, விண்டோஸ் செக்யூரிட்டியை அப்டேட் செய்து, அதிலுள்ள ஆஃப்லைன் ஸ்கேனை ஓட்டுங்கள். விண்டோஸ் முழுதாக எழும்பும் முன்பே அது தேடும் என்பதால் வைரஸ் ஒளிந்துகொள்வது கடினம். பிறகு வழக்கமான முழு ஸ்கேனும் ஒருமுறை.

அடுத்து, ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லுங்கள். சிஸ்டம் கோப்புகளை மறைக்கும் டிக்கையும் எடுத்துவிடுங்கள். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். இந்த வைரஸ் பெரும்பாலும் ஃபோல்டர்களுக்குச் சிஸ்டம் முத்திரையும் குத்திவிடும். இப்போது பென் டிரைவைச் செருகி ஸ்கேன் செய்தால், மங்கலான நிறத்தில் உங்கள் பழைய ஃபோல்டர்கள் தெரியும். சில சமயம் அவை பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் இருக்கும். ஷார்ட்கட்டைத் தொடாமல் அந்த மங்கல் ஃபோல்டர்களைத் திறந்து, படங்களையும் ஆவணங்களையும் மட்டும் வேறிடத்துக்குக் காப்பி செய்யுங்கள். நீங்கள் வைக்காத கோப்பு எதுவும் வேண்டாம். எல்லாம் திறக்கிறதா என்று பார்த்தபின் ஃபார்மேட் செய்யலாம்.

கடைசியாக ஒரு சோதனை. ஃபார்மேட் செய்த பென் டிரைவில் ஒரு வெற்று ஃபோல்டரை உருவாக்கி, கழற்றி மறுபடி செருகுங்கள். அது ஷார்ட்கட்டாக மாறினால் லேப்டாப்பில் வைரஸ் இன்னும் இருக்கிறது. அப்போது ஆவணங்களைப் பத்திரப்படுத்திவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவதே நேரத்தை மிச்சப்படுத்தும். சில ரகங்கள் பாஸ்வேர்டையும் திருடும், அதனால் மின்னஞ்சல், வங்கி பாஸ்வேர்டுகளை வேறொரு சாதனத்திலிருந்து மாற்றிவிடுங்கள். இனி பிரிண்ட் எடுக்கப் போகும்போது, அந்த ஒரு கோப்பு மட்டும் இருக்கும் பழைய பென் டிரைவை எடுத்துப் போங்கள்.