வாசகர் கேள்வி – பதில்: பிளஸ் ஒன்னுக்கு ஊர்ப் பள்ளியா, டவுன் பள்ளியா?

கேள்வி: மகள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியிருக்கிறாள். பிளஸ் ஒன்னில் கணிதம்-உயிரியல் பிரிவு கேட்கிறாள். பக்கத்து ஊர் அரசு மேல்நிலைப் பள்ளி போன வருடம் பிளஸ் டூவில் நூறு சதவீதம். ராமநாதபுரத்தில் நாங்கள் விசாரித்த அரசுப் பள்ளி 93 சதவீதம்தான், ஆனாலும் உறவினர்கள் அங்கேதான் சேர்க்கச் சொல்கிறார்கள். எதை வைத்து முடிவு செய்வது?
– வாசகி, வாலிநோக்கம்

பதில்: சதவீதத்துக்குப் பின்னால் உள்ள தலைகளை எண்ணுங்கள், அம்மா. 22 பேர் எழுதி 22 பேரும் தேறினால் நூறு. 160 பேர் எழுதி 149 பேர் தேறினால் 93. சின்னப் பள்ளியில் ஒரு பிள்ளை தவறினாலே 95க்கு இறங்கிவிடும். அதனால் ஒரு வருடக் கணக்கு போதாது, மூன்று வருடத்தைச் சேர்த்துப் பாருங்கள். அதே பிள்ளைகள் பிளஸ் ஒன் சேர்ந்தபோது எத்தனை பேர் என்றும் கேளுங்கள். சேர்ந்தது 35, எழுதியது 22 என்றால் மீதி 13 பேர் என்ன ஆனார்கள்? பாலிடெக்னிக் போயிருக்கலாம், வேறு பள்ளிக்கு டி.சி. வாங்கியிருக்கலாம். கடலுக்குப் போய்விட்ட பையன்களும் அதில் இருப்பார்கள். தேர்ச்சிப் பட்டியலில் அவர்கள் வரவே மாட்டார்கள்.

தேர்ச்சிக்கு 35 மதிப்பெண் போதும். பொறியியல் கட்-ஆஃப் 200ல் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று கணக்கு. ஆகவே, "இந்த மூன்று பாடத்திலும் 70க்கு மேல் எடுத்தவர்கள் எத்தனை பேர்?" என்று தலைமையாசிரியரிடம் நேரடியாகக் கேளுங்கள். நன்றாக நடக்கும் பள்ளியில் இதற்கு உடனே பதில் வரும்.

எல்லாவற்றையும் விட முக்கியம் ஆசிரியர். மேல்நிலை வகுப்புக்கு ஒவ்வொரு பாடத்துக்கும் தனி முதுகலை ஆசிரியர் வேண்டும். கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் பணியிடங்களில் எது காலி, எதைத் தற்காலிக ஆசிரியர் பார்க்கிறார் என்று கேளுங்கள். வெளி மாவட்டத்திலிருந்து வந்தவர்கள் பொது மாறுதல் கலந்தாய்வில் சொந்த மாவட்டத்துக்குப் போய்விடுவது நம் கரையோரப் பள்ளிகளின் பழைய நோய். மே மாதத்தில் இருந்த ஆசிரியர் ஜூலையில் இல்லாமல் போகலாம். கலந்தாய்வு முடிந்ததும் இன்னொரு தடவை விசாரியுங்கள்.

அடுத்து ஆய்வகம். அறிவியல் பாடங்களில் 100ல் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. அனுமதி கேட்டு உள்ளே போய்ப் பாருங்கள். உப்புக்காற்று இரும்பு ஸ்டாண்டைத் துருப்பிடிக்க வைக்கும், பித்தளை முனைகளைப் பச்சை பிடிக்க வைக்கும். மின்தடையை அளக்கும் மீட்டர் பிரிட்ஜ் கருவியை எடுத்துப் பாருங்கள்: கம்பி அறுபடாமல் இழுத்துக் கட்டியிருக்கிறதா, முனைகள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சுத்தமாக இருக்கின்றனவா? பச்சை படிந்த முனையில் மின்சாரம் சரியாக ஓடாது, அளவு தப்பும். முனை பளிச்சென்று இருந்தால் அந்த ஆய்வகத்தில் பிள்ளைகள் கை வைக்கிறார்கள் என்று நம்பலாம். வேதியியலில் திரவத்தை அளந்து சொட்டவிடும் கண்ணாடிக் குழாயான பியூரெட் எத்தனை என்றும் எண்ணுங்கள். ஐந்து பேருக்கு ஒன்று என்றால் நான்கு பேர் வேடிக்கைதான் பார்ப்பார்கள்.

டவுன் பள்ளி என்றால் பஸ்ஸையும் கணக்கில் எடுங்கள். அரசுப் பேருந்தில் இலவசப் பாஸ் உண்டு, ஆனால் காலை முதல் மணிக்குள் கொண்டுசேர்க்கும் பேருந்து எத்தனை? ஒன்றே ஒன்று என்றால், அது வராத நாளில் முதல் பாடம் போச்சு. ஒரு திங்கட்கிழமை மகளோடு நீங்களே ஏறிப் போய்ப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வழி எப்படியிருக்கும் என்று அந்தப் பேருந்தில் போகும் பிள்ளைகளிடம் கேளுங்கள். இன்னொன்று: சத்துணவு பத்தாம் வகுப்போடு முடிந்துவிடும். விடியலில் கிளம்புகிற பிள்ளைக்கு மதியச் சோறு வீட்டிலிருந்துதான்.

ஆசிரியர் நால்வரும் இருந்தால் ஊர்ப் பள்ளியில் சேருங்கள். தினமும் பயணத்தில் போகிற நேரம் படிப்புக்கு மிஞ்சும். இயற்பியலோ கணிதமோ காலி என்றால் டவுன் பள்ளிதான்.

கேள்வி: பையன் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி. பிளஸ் ஒன்னுக்கு நல்ல பெயருள்ள அரசு உதவி பெறும் பள்ளிக்கு மாற்றலாமா?
– வாசகர், தங்கச்சிமடம்

பதில்: படிப்புத் தரம் வேறு, சலுகை வேறு. ராமநாதபுரத்தில் அப்துல் கலாம் படித்த ஷ்வார்ட்ஸ் பள்ளியும் உதவி பெறும் பள்ளிதான். ஆனால் மருத்துவத்தில் 2020லும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டப் படிப்புகளில் 2021லும் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு. கடைசி இரண்டு வருடம் மாறினால் அது கை நழுவும். கல்லூரிப் பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய், உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தாலும் கிடைக்கும். இதுவரை தமிழ்வழி என்றால் அதிலேயே தொடர்வது நல்லது. டி.என்.பி.எஸ்.சி.யின் தமிழ்வழி 20 சதவீத ஒதுக்கீட்டுக்கு முதல் வகுப்பிலிருந்தே தமிழ்வழி கேட்பார்கள்.

கேள்வி: காலிப் பணியிடம் பற்றிப் பள்ளியில் சரியான பதில் இல்லை. யாரிடம் கேட்பது?
– வாசகர், தொண்டி

பதில்: முதலில் பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள பெற்றோரிடம். அவர்கள் கூட்டத்தில் கேட்டுத் தீர்மானமாகப் பதியச் சொல்லலாம். அதிலும் நடக்காவிட்டால் முதன்மைக் கல்வி அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பள்ளியின் பெயரோடு அதன் அடையாள எண்ணான 11 இலக்க யூடைஸ் எண்ணையும் எழுதுங்கள். "ஆசிரியர் ஏன் இல்லை?" என்று கேட்டால் மழுப்பலான பதில்தான் வரும். "அனுமதிக்கப்பட்ட முதுகலை ஆசிரியர் பணியிடங்கள் பாடவாரியாக எத்தனை, இன்றைய தேதியில் காலி எவை, எந்தத் தேதி முதல்?" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். சேர்க்கைக்கு முன் கையில் கிடைக்க, ஏப்ரல் முதல் வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள்.