ஆறாத வாய்ப்புண்ணும் முதுகில் கொப்புளங்களும்: பெம்பிகஸ் தொற்றுமா, குணமாகுமா?

உங்கள் தாயாருக்குச் சில மாதங்களாக வாய்ப்புண் ஆறவில்லை என்றும், இப்போது முதுகிலும் கொப்புளங்கள் வந்திருப்பதால் மருத்துவர் ‘பெம்பிகஸ் வல்காரிஸ்’ என்று ஐயுறுகிறார் என்றும், அது வீட்டில் மற்றவர்களுக்குப் பரவுமா, குணமாகுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவன் அல்லன். இந்நோய் கண்ட என் அக்காவுடன் சில ஆண்டுகள் தோல் நோய்ப் பிரிவுக்குச் சென்று வந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில், இது தொற்றாது. அம்மாவுக்குத் தனித் தட்டும் தனிப் படுக்கையும் ஒதுக்க வேண்டிய தேவையே இல்லை. உடலின் எதிர்ப்பாற்றல் தன் தோலையே தாக்குவதால் வரும் நோய் இது. தோலின் மேலடுக்கில் உள்ள செல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் டெஸ்மோகிளீன் என்னும் புரதத்துக்கு எதிராக உடல் எதிர்ப்பொருள்களை (ஆன்டிபாடி) உண்டாக்கும்போது, பிணைப்பு விட்டுப்போய், அந்த இடைவெளியில் நீர் கோத்துக் கொப்புளமாகிறது. வாயின் உட்பரப்பு பெரும்பாலும் மூன்றாம் வகை டெஸ்மோகிளீனை நம்பியிருப்பதால், அதற்கு மட்டும் எதிர்ப்பொருள் இருக்கும் காலத்தில் வாய் மட்டும் புண்ணாகிறது. முதல் வகைக்கும் எதிர்ப்பொருள் தோன்றும்போது முதுகு, மார்பு, தலை என்று உடலிலும் கொப்புளம் எழுகிறது. உங்கள் தாயாருக்கு நடந்திருக்கும் வரிசை அநேகமாக இதுவே.

வாயில் எழும் கொப்புளம் உடனே உடைந்துவிடுவதால் யார் கண்ணிலும் கொப்புளம் படுவதில்லை. தோல் உரிந்த புண் மட்டுமே தெரிகிறது. உடல் சூடு என்று மணத்தக்காளிக் கீரையும், சத்துக் குறைவு என்று பி காம்ப்ளக்ஸ் மாத்திரையுமாகவே மாதங்கள் கழிந்துவிடுவது அதனால்தான். பிறகு உடலில் கொப்புளம் வந்தால் அக்கி என்று சொல்லிக் காவி பூசுகிறவர்களும் உண்டு. இரண்டு மூன்று வாரங்களில் ஆறாத வாய்ப்புண் எதுவானாலும் அதைக் காரணம் தெரியாமல் விட்டுவைக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

நோயை உறுதிப்படுத்தத் திசுப் பரிசோதனை வேண்டும். வழக்கமான பரிசோதனைக்குப் புதிய கொப்புளத்தின் விளிம்பிலிருந்து ஒரு துண்டு எடுப்பார்கள். திசுவில் படிந்த எதிர்ப்பொருள்களை ஒளிரச் செய்து காட்டும் நேரடி இம்யூனோபுளோரசன்ஸ் என்னும் சோதனைக்குப் புண்ணை ஒட்டிய, உரியாத பகுதியிலிருந்து இன்னொன்று எடுக்க வேண்டும். இந்த இரண்டாவது துண்டை, திசுவைக் கெடாமல் வைக்கும் பார்மலின் திரவத்தில் போட்டால் சோதனை வீணாகிவிடும். ஆய்வகத்துக்கு நீங்களே எடுத்துச் செல்ல நேர்ந்தால் எந்தப் புட்டி எதற்கு என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இந்தச் சோதனையில், பெம்பிகஸாக இருந்தால் எதிர்ப்பொருள்கள் செல்களைச் சுற்றி மீன்வலை போலத் தெரியும். தோலின் மேலடுக்குக்கு அடியில் ஒரே கோடாகத் தெரிந்தால் அது பெம்பிகாய்டு என்னும் வேறு கொப்புள நோய் வகையைச் சேர்ந்ததாக இருக்கலாம். அவ்வகையில் அதிகம் காணப்படும் புல்லஸ் பெம்பிகாய்டு பெரும்பாலும் முதியோருக்கு, கடும் அரிப்புடனும் எளிதில் உடையாத கொப்புளங்களுடனும் வரும். 1953இல் தோல் மருத்துவர் வால்டர் லீவர் பிரித்துக் காட்டும்வரை பெம்பிகஸையும் பெம்பிகாய்டையும் ஒரே நோயாகவே கருதினார்கள். சர்க்கரை நோய்க்குத் தரப்படும் வில்டாகிளிப்டின் போன்ற மாத்திரைகள் பெம்பிகாய்டைத் தூண்டக்கூடும் என்பதால், அம்மா சாப்பிடும் மருந்துகள் எல்லாவற்றையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

குணமாகுமா என்றால், அடங்கும். சிலருக்குத் திரும்பவும் வரும். எதிர்ப்பாற்றலை அடக்கும் ஸ்டீராய்டு மருந்துகள் வருவதற்கு முன்பு இந்நோய் கண்டவர்களில் பெரும்பாலோர் இறந்தார்கள். 1980களில் தில்லி எய்ம்ஸில் தோல் மருத்துவர் பஸ்ரிசா, டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டையும் எதிர்ப்பாற்றலை அடக்கும் சைக்ளோபாஸ்பமைடையும் மாதந்தோறும் நரம்பில் ஏற்றும் முறையைக் கொண்டுவந்தார். இந்தியாவில் பலர் அதனால் மீண்டார்கள். இப்போது எதிர்ப்பொருள்களுக்கு மூலமான பி செல்கள் என்னும் வெள்ளை அணுக்களை அழிக்கும் ரிட்டுக்சிமாப் என்ற மருந்து முன்னுக்கு வந்திருக்கிறது. 2017இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், அதைக் குறுகிய கால ஸ்டீராய்டுடன் பெற்றவர்களில் 89 விழுக்காட்டினர் இரண்டாண்டு முடிவில் மருந்தே இல்லாமல் நோயின்றி இருந்தார்கள். ஸ்டீராய்டு மட்டும் பெற்றவர்களில் அது 34 விழுக்காடுதான். ரிட்டுக்சிமாபை ஏற்றுவதற்கு முன் ஹெபடைடிஸ் பி, காசநோய்ப் பரிசோதனைகள் செய்வார்கள்.

இன்று உயிருக்கு வரும் ஆபத்து பெரும்பாலும் கிருமித் தொற்றால்தான். காய்ச்சல் வந்தாலோ புண்ணில் சீழ் வைத்தாலோ அன்றே காட்டுங்கள். புண் ஆறிவிட்டது என்று ஸ்டீராய்டைத் தாமாக நிறுத்தவே கூடாது, படிப்படியாகத்தான் குறைப்பார்கள்.

அக்காவுக்கு உடல் தேறிய பிறகும் வாய் ஆற நெடுநாள் ஆயிற்று. காரம், புளி, முறுக்கு, அப்பளம் எல்லாவற்றையும் விலக்கி, குழைந்த தயிர் சோறும் ஆறிய கஞ்சியுமாகவே அந்தக் காலத்தை அவர் கடத்தினார். எரிகிறதே என்று பல் துலக்காமல் இருந்தால் ஈறு மேலும் கெடும். மிக மென்மையான பிரஷும் காரமில்லாத பற்பசையும் வாங்கிக் கொடுங்கள்.