கொடையும் சாதியும் ஆளும் ஊரில் தோழர் ஜெயிப்பாரா?

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊர். பீடித் தொழிற்சங்கத்தில் இருக்கும் என் அண்ணனை ஒன்றியக் கவுன்சிலர் தேர்தலில் நிற்கச் சொல்லி மார்க்சிஸ்ட் கட்சியில் கேட்கிறார்கள். சாதியும் கோயிலும்தான் இங்கே எல்லாம். இடதுசாரி ஒருவர் ஜெயிக்க முடியுமா? நகையை அடகு வைத்துச் செலவு செய்யலாமா?

பதில்: முதலில் நகையைத் திரும்ப பீரோவில் வையுங்கள். 2021 ஊரகத் தேர்தலில் ஒன்றிய வார்டுக்கு டெபாசிட் 600 ரூபாய்தான். செலவு உச்சவரம்பு 85,000. காசை இறைத்து ஜெயிக்கும் போட்டியில் உங்கள் அண்ணன் எப்படியும் மூன்றாவது ஆள்தான். அவருக்கு வேறு வழி இருக்கிறது.

அம்பாசமுத்திரம் தொகுதி 1977லும் 1980லும் மார்க்சிஸ்ட் கட்சியின் ஈஸ்வரமூர்த்தியைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. அன்றைக்கு மட்டும் இங்கே சாதி இல்லாமலா இருந்தது? இரண்டு முறையும் அவர் கட்சி அதிமுக அணியில் இருந்தது, விஷயம் அதுதான். தென்காசி மக்களவைத் தொகுதியைப் பாருங்கள். 2004இல் திமுக அணியில் நின்ற இந்தியக் கம்யூனிஸ்ட் அப்பாதுரை ஜெயித்தார். 2009இல் அதே கட்சியின் லிங்கம், அதிமுக அணியில் நின்று ஜெயித்தார். 2014இல் இடதுசாரிகள் தனியாக நின்றார்கள். தமிழகம் முழுக்க ஓர் இடம்கூட இல்லை.

அதற்காகக் கூட்டணி இருந்தால் போதும் என்றும் சொல்லமாட்டேன். 2021இல் கோவில்பட்டியில் திமுக அணியில் நின்ற மார்க்சிஸ்ட் வேட்பாளர் மூன்றாவது இடம்தான் வந்தார். அதிமுகவின் கடம்பூர் ராஜுவும் அமமுகவின் தினகரனும் மோதிய சண்டையில் மற்றவர் பேச்சு எடுபடவில்லை.

நம் பக்கத்தில் இடதுசாரிகளைப் பிடித்த நோய் வெறுப்பு இல்லை. “தோழரா? நல்ல மனுசன்தான், ஆனா ஜெயிக்கமாட்டாரே, ஓட்ட வீணாக்கவா?” என்பார்கள். கூட்டணிச் சின்னங்கள் பக்கத்தில் நின்றால் இந்தப் பேச்சு பாதி அடங்கும். மீதியை அண்ணன்தான் அடக்க வேண்டும்.

உங்களுக்குச் சாதகமான ஒன்று உண்டு. கிராமத்தில் ஒரே நாளில் நாலு வாக்குச்சீட்டு தருவார்கள். ஊராட்சித் தலைவருக்கான ரோஸ் சீட்டில் கட்சிச் சின்னம் கிடையாது. தெருக் கணக்கு, சாதிக் கணக்கு, பணம் எல்லாம் அதில்தான் இறங்கும். ஒன்றியக் கவுன்சிலருக்கான பச்சைச் சீட்டில் சின்னம் உண்டு, ஆனால் சூடு குறைவு. ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒரு வார்டு. நாலுமுனைப் போட்டியில் ஆயிரத்துச் சொச்சம் ஓட்டே போதுமானதாகிவிடலாம். ஆகவே தலைவர் தேர்தலில் அண்ணன் எந்தப் பக்கமும் மேடை ஏறக்கூடாது. ஏறினால் எதிர்த்தெருவின் பச்சைச் சீட்டும் போச்சு.

அந்த ஆயிரம் எங்கே இருக்கிறது? மடியில் தட்டை வைத்துக்கொண்டு திண்ணையில் பீடி சுற்றும் பெண்களிடம். இலை எடை குறைகிறது, சுற்றிய பீடிக் கட்டுகளைக் கழித்துவிடுகிறார்கள், பி.எஃப். கணக்கில் பெயர் தப்பாக இருக்கிறது, பிள்ளைக்கு உதவித்தொகை வரவில்லை. இவை எல்லாத் தெருவுக்கும் பொது. இத்தனை வருடத்தில் யாருடைய பி.எஃப். பணத்தை அண்ணன் வாங்கிக்கொடுத்தார் என்று தெருவாரியாகப் பெயர் எழுதுங்கள். சொந்தச் சாதித் தெருவுக்கு வெளியே இருநூறு வீடாவது தேறினால் நிற்கலாம். தேறாவிட்டால் இந்த முறை வேண்டாம்.

கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரி கேட்டு வந்தால் அண்ணனும் எல்லாரையும் போலக் கொடுக்கட்டும். சாமி இல்லை என்ற பிரசங்கத்தைப் பச்சைச் சீட்டோடு சேர்த்து விற்க முடியாது. அதே சமயம் நெற்றி நிறையத் திடீர்த் திருநீறும் வேண்டாம், ஊர் சிரிக்கும்.

அப்புறம், சம்மதம் சொல்லும் முன் கட்சியில் இரண்டு கேள்வி கேளுங்கள். கூட்டணியில் இந்த வார்டு உறுதியாகக் கிடைக்குமா, அல்லது கடைசி நாளில் பெரிய கட்சிக்காரர் சுயேச்சையாக நுழைவாரா? வார்டு யாருக்கு ஒதுக்கீடு? பாதி இடங்கள் பெண்களுக்கு என்பதால் அண்ணனுக்கு வாய்ப்பே இல்லாமல் போகலாம். அப்படி ஆனால், அண்ணியும் பீடி சுற்றுகிறவர் என்றால், அவரை நிறுத்தச் சொல்லுங்கள். அண்ணனைவிட அவருக்கே ஓட்டு கூடுதலாக விழும் என்பது என் கணிப்பு.